தாந்தேயின் நரக வாசலில் குளவிகள், ஈக்கள், புழுக்கள்

இத்தாலியக் கவிஞர் தாந்தே அலிகியேரி (1265–1321) எழுதிய ‘தெய்வீக இன்பியல்’ என்னும் நெடுங்காவியத்தின் முதற்பகுதி ‘நரகம்’. அதன் மூன்றாம் பாடலில், நரகத்தின் வாயிலைக் கடந்ததும் வரும் முன்வெளியில், ஒரு பெருங்கூட்டத்தைக் குளவிகளும் பெரிய ஈக்களும் கொட்டுகின்றன. கொட்டுப்பட்டவர்களின் முகத்திலிருந்து வழியும் குருதியைக் காலடியில் கிடக்கும் புழுக்கள் உண்கின்றன. 14,233 வரிகள் கொண்ட காவியத்தில் இச்சிற்றுயிர்க் காட்சிக்குக் கிடைத்த இடம் ஆறு வரிகள் மட்டுமே (64–69). இருந்தும், யாருக்கு எந்தத் தண்டனை, ஏன் என்று தாந்தே எப்படி முடிவுசெய்கிறார் என்பதை மாணவர் முதன்முதலில் கற்றுக்கொள்ளும் இடம் இதுதான். இக்கட்டுரை அச்சிற்றுயிர்களின் இயல்பையும், காவியத்தில் அவற்றின் பணியையும், அத்தண்டனை நியாயமானதா என்ற கேள்வியையும் ஆராய்கிறது.

காட்சி

கவிஞர் விர்ஜில் வழிகாட்ட, தாந்தே நரக வாயிலுக்குள் நுழைகிறார். விண்மீன் இல்லாத இருட்டில் பெருமூச்சும் அழுகையும் கூச்சலும் சுழற்காற்றில் மணல் சுழல்வதுபோல் சுழல்கின்றன. இவர்கள் யார் என்று தாந்தே கேட்கிறார். வாழ்நாள் முழுவதும் பழியும் இல்லாமல் புகழும் இல்லாமல் வாழ்ந்தவர்கள் என்று விர்ஜில் விடை சொல்கிறார். கடவுளுக்கு எதிராகச் சாத்தான் கலகம் செய்தபோது எந்தப் பக்கமும் சேராமல் தமக்காகவே நின்ற வானதூதர்களும் இக்கூட்டத்தில் கலந்திருக்கிறார்கள். விண்ணகம் தன் அழகு குறையும் என்று இவர்களைத் துரத்திவிட்டது. ஆழ்நரகமும் இவர்களை ஏற்கவில்லை. ஏற்றால், அங்குள்ள பாவிகள் இவர்களைப் பார்த்துப் பெருமைகொள்ளக் கூடும் என்பது காரணம்.

இவர்கள் நிற்கும் இடம் வாயிலுக்கும் ஆக்கெரோன் ஆற்றுக்கும் நடுவில் உள்ளது. படகோட்டி காரோன் பாவிகளை ஏற்றிச் செல்வது இந்த ஆற்றைக் கடந்துதான். இவர்களுக்குப் படகில் இடமில்லை. நரகத்தின் ஒன்பது வட்டங்களில் எதிலும் இவர்கள் சேரவில்லை. ஒரு கொடி நில்லாமல் விரைந்து ஓடுகிறது. அதன்மேல் என்ன சின்னம் என்று கவிஞர் சொல்லவில்லை. அதன் பின்னால் அனைவரும் ஆடையின்றி ஓடுகிறார்கள். ஓடுபவர்களைத்தான் குளவிகளும் ஈக்களும் கொட்டுகின்றன.

சிற்றுயிர்களின் இயல்பு

தாந்தே மூன்று உயிர்களைக் குறிக்கிறார். இத்தாலிய மூலத்தில் அவை மொஸ்கோனி (பெரிய ஈக்கள்), வெஸ்பே (குளவிகள்), வெர்மி (புழுக்கள்). மூன்றும் எந்த ஊர்க் கொல்லையிலும் காணக்கூடியவை. தாந்தே அவற்றுக்கு மனித முகமோ பேச்சோ தனிப்பெயரோ கொடுக்கவில்லை.

நரகத்தின் மற்ற இடங்களில் உள்ள காவலர்களோடு ஒப்பிட்டால் இதன் பொருள் விளங்கும். காரோன், மீனோஸ், மூன்று தலை நாய் செர்பெரஸ், மினோட்டார், குதிரையுடல் கொண்ட செந்தார்கள், பெண்முகப் பறவைகளான ஹார்ப்பிகள் ஆகிய அனைவரும் கிரேக்க, ரோமானியப் புராணங்களிலிருந்து பெயரோடும் கதையோடும் வந்தவர்கள். எட்டாம் வட்டத்தில் கொக்கிகளோடு திரியும் பேய்களுக்குக்கூட ஒவ்வொன்றாகப் பெயர் உண்டு. பெயரும் கதையும் இல்லாமல் தண்டனை நடத்துபவை முன்வெளியின் சிற்றுயிர்கள். தண்டிக்கப்படுபவர்களுக்கும் பெயர் இல்லை. அவர்களைப் பற்றிப் பேச வேண்டாம், பார்த்துவிட்டுக் கடந்து போ என்ற பொருளில் விர்ஜில் சொல்கிறார். பெயரற்றவர்களுக்குப் பெயரற்ற உயிர்களையே தண்டனையாளர்களாக வைத்தது தாந்தேயின் கணக்கு.

உடலற்ற ஆன்மாவிலிருந்து குருதி எப்படி வழியும் என்ற கேள்வி வாசகருக்கு எழலாம். ‘உத்தரிப்பு’ என்னும் இரண்டாம் பகுதியின் 25ஆம் பாடலில் தாந்தே இதற்கு ஓரளவு விடை தருகிறார். இறந்தபின் ஆன்மா தன்னைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து ஓர் உருவத்தை அமைத்துக்கொள்கிறது, அதனால் பார்க்கவும் அழவும் துன்புறவும் முடிகிறது என்பது அங்கு வரும் விளக்கம். ஆனால் நடுநின்ற வானதூதர்களையும் குளவி கொட்டுகிறதா என்பதைப் பாடல் தெளிவுபடுத்தவில்லை.

அழுகிய பொருளிலிருந்து புழு தானே தோன்றும் என்று தாந்தேயின் காலத்து அறிஞர்கள் நம்பினார்கள். அரிஸ்டாட்டிலிடமிருந்து வந்த கருத்து அது. அழுகும் இறைச்சியை மூடிவைத்தால் அதில் புழு தோன்றுவதில்லை என்று சோதனை செய்து காட்டிய பிரான்செஸ்கோ ரெடியும் தாந்தேயைப் போல டஸ்கனி நாட்டவரே. அவருடைய நூல் 1668இல் வெளிவந்தது. எனவே தாந்தேயின் முதல் வாசகர்களுக்குக் காலடிப் புழுக்கள் வெறும் அருவருப்புக் காட்சி அல்ல. தேங்கி அழுகிப்போன ஒன்றின் அடையாளமாகவே அவர்கள் அவற்றைப் புரிந்துகொண்டிருப்பார்கள். இவர்கள் ஒருபோதும் உயிரோடு இருந்தவர்களே அல்லர் என்று தாந்தே சொல்கிறார். அவர்களால் பயன்பெறும் உயிர் இந்தப் புழு ஒன்றுதான்.

ஏன் குளவி?

தாந்தேயின் நரகத்தில் தண்டனை குற்றத்தின் சாயலில் அமையும். குற்றத்தை அப்படியே பிரதிபலிக்கும், அல்லது அதைத் தலைகீழாக்கிக் காட்டும். இதைக் குறிக்கும் ‘கொந்த்ரபாசோ’ என்ற சொல் ‘நரகம்’ 28ஆம் பாடலின் இறுதியில் ஒரு பாவியின் வாயிலிருந்தே வருகிறது. ஆனால் அந்த விதி செயல்படுவதை வாசகர் முதலில் பார்ப்பது மூன்றாம் பாடலில்.

எந்தக் கொடியின் பின்னும் செல்லாதவர்கள் இப்போது சின்னமற்ற ஒரு கொடியின் பின்னால் முடிவின்றி ஓடுகிறார்கள். இது எளிதில் விளங்கும். குளவியின் பொருத்தம் சற்று ஆழமானது. கொட்டுதலுக்குத் தாந்தே பயன்படுத்தும் இத்தாலியச் சொல் ‘ஸ்திமோலாத்தி’. இதன் வேர் ‘ஸ்திமுலுஸ்’ என்ற இலத்தீன் சொல். மாட்டை ஓட்டும் தார்க்குச்சி என்பது அதன் பொருள். வண்டிமாடு தானாக நகராதபோதுதான் தார்க்குச்சி தேவைப்படும். அநீதியைக் கண்டபோதும் நன்மையைக் கண்டபோதும் உள்ளிருந்து ஒரு தூண்டுதலும் எழாமல் வாழ்ந்தவர்களை, இப்போது வெளியிலிருந்து ஒரு கொடுக்கு தூண்டுகிறது. தாமாக நகராதவர்களை நகர்த்தும் தார்க்குச்சிதான் குளவி.

குருதியும் கண்ணீரும் இந்த வகையில் பொருள் பெறுகின்றன. ஒரு கொள்கைக்காக அவர்கள் குருதி சிந்தியதில்லை. பிறர் துன்பத்துக்காகக் கண்ணீர் விட்டதில்லை. வாழ்நாளில் சிந்தாத இரண்டும் இங்கே ஒன்றாகக் கலந்து வழிகின்றன, யாருக்கும் பயன்படாமல் புழுவுக்கு உணவாகின்றன.

பரவியிருக்கும் ஒரு தவறு

அறநெருக்கடியின்போது நடுநிலை வகித்தவர்களுக்கே நரகத்தின் மிக வெப்பமான இடம் ஒதுக்கப்பட்டுள்ளது என்று தாந்தே சொன்னதாக ஒரு வாசகம் வழங்குகிறது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடி இதைத் தாந்தேயின் பெயரில் மேடைகளில் சொன்னதால் அது உலகெங்கும் பரவியது. டான் பிரவுனின் ‘இன்ஃபெர்னோ’ (2013) நாவலின் தொடக்கத்திலும் இதன் இன்னொரு வடிவம் உள்ளது. இணையத்தில் மாணவர்கள் அடிக்கடி பகிரும் வாசகமும் இதுவே.

தாந்தேயின் காவியத்தில் அப்படி ஒரு வரி இல்லை. நடுநின்றவர்கள் நரகத்தின் வட்டங்களுக்கு வெளியே இருக்கிறார்கள். அவர்களைச் சுற்றி நெருப்பு இல்லை. நரகத்தின் அடித்தளமும் நெருப்பு அல்ல. அங்கே உறைந்த பனி ஏரி உள்ளது. அதில் புதைந்திருப்பவர்கள் துரோகிகள்.

இது சிறு திருத்தம்போல் தோன்றலாம், ஆனால் வேறுபாடு பெரிது. பிரபலமான வாசகம் நடுநின்றவர்களைப் பெரும் குற்றவாளிகளாக்குகிறது. தாந்தே அந்தப் பெருமையைக்கூட அவர்களுக்குத் தரவில்லை. நெருப்புக்குத் தகுதிபெறவும் ஏதாவது செய்திருக்க வேண்டும். எதுவும் செய்யாதவர்களுக்கு அவர் ஈயை அனுப்புகிறார். மாட்டைத் தொல்லை செய்யும் உயிர் மனிதனைத் தண்டிக்க வருவதில் உள்ள இழிவு, எரிநெருப்பால் கிடைக்காது.

காவியத்தின் பிற பூச்சிகள்

தாந்தே பூச்சிகளை உற்றுக் கவனித்தவர். ‘நரகம்’ 16ஆம் பாடலில் அருவியின் ஓசை தேன்கூட்டின் இரைச்சலாகக் கேட்கிறது. 17ஆம் பாடலில் வட்டிக்காரர்கள் நெருப்புத் துளிகளைத் தட்டிவிடும் செய்கை, கோடையில் தெள்ளுப்பூச்சியும் ஈயும் கடிக்கும் நாயின் செய்கைக்கு ஒப்பிடப்படுகிறது. 26ஆம் பாடலில், ஈ போய்க் கொசு வரும் அந்திவேளையில் ஓர் உழவர் குன்றின்மேலிருந்து மின்மினிகளைப் பார்ப்பதுபோல், தாந்தே பள்ளத்தில் எரியும் சுடர்களைப் பார்க்கிறார். ‘உத்தரிப்பு’ 26ஆம் பாடலில் இரு கூட்டத்தார் சந்தித்து முத்தமிட்டுப் பிரிவது எறும்புகள் மூக்கோடு மூக்கு உரசுவதுபோல் உள்ளது. 32ஆம் பாடலில் வரும் பறவைநாகம் தன் வாலை இழுத்துக்கொள்வது குளவி கொடுக்கை இழுப்பதுபோல் உள்ளது. ‘விண்ணகம்’ 31ஆம் பாடலில் வானதூதர்கள் பூவுக்கும் கூட்டுக்கும் இடையே பறக்கும் தேனீக்களாகிறார்கள்.

இவை அனைத்தும் உவமைகள். அங்கே பூச்சிகள் உண்மையில் இல்லை, கவிஞரின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. மூன்றாம் பாடலின் குளவியும் ஈயும் கதைக்குள் நிஜமாகப் பறந்து, நிஜமாகக் கொட்டுபவை. உவமையில் வரும் தேனீயும் எறும்பும் ஒரு கூட்டத்துக்காக உழைப்பவை. கூட்டத்துக்காக எதையும் செய்யாதவர்களுக்கு வாய்த்தது கொடுக்கு மட்டுமே.

‘உத்தரிப்பு’ 10ஆம் பாடலில் இன்னொரு முக்கியமான இடம் உண்டு. மனிதர்கள் வானதூதரைப் போன்ற வண்ணத்துப்பூச்சியாக மாறப் பிறந்த புழுக்கள் என்று கவிஞர் அங்கே செருக்குற்றவர்களுக்கு நினைவூட்டுகிறார். புழு வளர்ந்து சிறகு பெறலாம். அந்த நம்பிக்கையோடு திரும்பி வந்து மூன்றாம் பாடலைப் படித்தால், நரக வாசலின் புழுக்கள் வேறு தோற்றம் பெறுகின்றன. அவை எதுவாகவும் மாறப்போவதில்லை. அவற்றுக்கு உணவளிப்பவர்களும் எதுவாகவும் மாறியதில்லை.

வேறு மரபுகளோடு ஒப்பீடு

தண்டிக்கும் பூச்சிகள் பல மரபுகளில் உள்ளன. விவிலியத்தின் திருவெளிப்பாடு நூலில் பாதாளக் குழியிலிருந்து வரும் வெட்டுக்கிளிகளுக்கு மனித முகமும் தலையில் முடியும் தேளின் வாலும் உண்டு. அவற்றுக்கு ஓர் அரசனும் இருக்கிறான். அவை அச்சுறுத்தும் படை. தாந்தே இந்நூலை அறிந்தவர். அப்படியிருந்தும் அந்தப் படையைத் தன் நரக வாசலில் நிறுத்தாமல் கொல்லைப்புறக் குளவியைத் தேர்ந்தெடுத்தது கவனிக்கத்தக்கது. வெதுவெதுப்பாக இருப்பவர்களைக் கடவுள் உமிழ்ந்துவிடுவார் என்ற கருத்தும் அதே நூலில் உள்ளது. நடுநின்றவர்களை விண்ணகமும் நரகமும் வெளியே தள்ளுவதில் அதன் சாயலைக் காணலாம்.

பாகவத புராணத்தின் ஐந்தாம் கந்தத்தில் வரும் நரகங்களுள் அந்தகூபம் ஒன்று. கொசு, பேன் முதலிய சிற்றுயிர்களைத் துன்புறுத்தியவரை அதே உயிர்கள் அங்கே துன்புறுத்துகின்றன. பகிர்ந்து உண்ணாதவர் கிருமிபோஜனம் என்ற நரகில் தாமே புழுவாகிப் புழுக்களைத் தின்று, புழுக்களால் தின்னப்படுகிறார். அந்தகூபத்தில் பூச்சிகளுக்குத் தீர்க்க வேண்டிய கணக்கு உண்டு. பாதிக்கப்பட்டவையே தண்டிக்கின்றன. தாந்தேயின் குளவிக்கு அப்படி ஒரு கணக்கும் இல்லை. கொட்டப்படுபவர்கள் அதற்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. அவர்கள் யாருக்கும் எதுவும் செய்யவில்லை என்பதுதான் குற்றம். அதனால் அவர்களைத் தண்டிக்க உரிமையுள்ள பகைவர்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

எதிர்வாதங்கள்

இத்தண்டனை நியாயமா என்ற கேள்வி இயல்பாக எழும். அடுத்த பாடலிலேயே, திருமுழுக்குப் பெறாத நற்பண்பாளர்கள் உடல் துன்பம் இல்லாமல் முதல் வட்டத்தில் இருக்கிறார்கள். கொலையோ களவோ செய்யாதவர்கள் அதற்கும் வெளியே குருதி வழிய ஓடுகிறார்கள். அச்சத்தால் ஒதுங்கிய ஏழைக்கும், ஆதாயத்துக்காக ஒதுங்கிய செல்வனுக்கும் பாடல் வேறுபாடு காட்டவில்லை. சாவு இத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கும் என்று நினைக்கவே இல்லை என்று தாந்தே வியக்குமளவுக்குப் பெரிய கூட்டம் அது. மனித இனத்தின் பெரும்பகுதியை ஒரே அளவுகோலால் அளந்து தள்ளுவது கடுமையானது.

இரண்டாவது எதிர்வாதம் கவிஞரின் சொந்தப் பகை பற்றியது. கூட்டத்தில் ஒருவரைத் தாந்தே அடையாளம் காண்கிறார். கோழைத்தனத்தால் பெரும் மறுப்பைச் செய்தவர் என்று மட்டும் குறிப்பிடுகிறார், பெயர் சொல்லவில்லை. இவர் திருத்தந்தை ஐந்தாம் செலஸ்டின் என்பது பழங்காலம் முதல் பலரின் கருத்து. பிலாத்து, ஏசா ஆகியோரைச் சொல்பவர்களும் உண்டு. துறவியாக வாழ்ந்த செலஸ்டின் 1294இல் திருத்தந்தையாகி, அதே ஆண்டு டிசம்பரில் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்தவர் எட்டாம் போனிபாஸ். புளோரன்ஸ் நகரத்தில் ‘கருப்பர்’ அணி ஆட்சியைக் கைப்பற்றப் போனிபாஸ் துணைநின்றார். ‘வெள்ளையர்’ அணியைச் சேர்ந்த தாந்தே 1302இல் நாடுகடத்தப்பட்டார். பிறகு ஊர் திரும்பவே இல்லை. ஒருவர் விலகியதன் விலையைத் தாந்தே தன் வாழ்நாள் முழுவதும் கொடுத்தார் என்று கூறலாம். ஆனால் செலஸ்டின் 1313இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அடுத்த தலைமுறைக் கவிஞர் பெட்ரார்க், தனிமை வாழ்வைப் பற்றிய தன் நூலில் அவருடைய விலகலைப் புகழ்ந்தார். ஒருவர் கோழைத்தனம் என்று கண்டதை இன்னொருவர் விடுதலை என்று கண்டார்.

மூன்றாவது எதிர்வாதம் மிக வலுவானது. ‘விண்ணகம்’ 17ஆம் பாடலில் தாந்தேயின் முன்னோர் கச்சாகுய்தா, நாடுகடத்தப்பட்டபின் உடன் வந்த அணியினரையும் விட்டு விலகித் தனக்குத் தானே ஓர் அணியாக நிற்பது தாந்தேக்கு நல்லது என்கிறார். அப்படியானால், தமக்காகவே நின்ற வானதூதர்களுக்கும் தனக்குத் தானே அணியான தாந்தேக்கும் என்ன வேறுபாடு? இருவரும் எந்தப் பக்கமும் சேரவில்லையே?

விடையைத் தாந்தேயின் வாழ்க்கையில் தேடலாம். 1300ஆம் ஆண்டு அவர் புளோரன்ஸின் ஆட்சிக்குழுவில் இரண்டு மாதம் இருந்தார். அப்போது அக்குழு, நகர அமைதிக்காக இரு அணிகளின் தலைவர்களையும் நாடுகடத்தியது. அவர்களுள் தாந்தேயின் நெருங்கிய நண்பர், கவிஞர் குய்தோ கவால்காந்தியும் ஒருவர். நோயுற்றுத் திரும்பிய கவால்காந்தி அதே ஆண்டு இறந்தார். வெளியிலிருந்து பார்த்தால் அது இரு அணிக்கும் நடுவில் நின்ற செயல். ஆனால் அது முடிவெடுத்து, பெயர் வெளிப்பட, இழப்பை ஏற்றுச் செய்த செயல். முன்வெளியில் ஓடுபவர்கள் இழப்புக்கு அஞ்சி முடிவெடுக்காதவர்கள். எந்தப் பக்கம் என்பது கேள்வி அல்ல. தன்னை நகர்த்தியது தன் மனச்சான்றா, பிறர் கையிலுள்ள தார்க்குச்சியா என்பதே கேள்வி. முதல் இரண்டு எதிர்வாதங்களுக்குக் காவியத்துக்குள் நிறைவான விடை இல்லை. மூன்றாவதற்கு மட்டும் குளவியே விடையாகிறது.

மதிப்பீடு

இந்த ஆறு வரிகளின் முழு எடையை ‘நரகம்’ முடியும்போதுதான் வாசகர் உணர்வார். 34ஆம் பாடலில், பனி ஏரியின் நடுவில் சாத்தான் ஆறு கண்களாலும் அழுகிறான். அவனுடைய மூன்று மோவாய்களிலும் கண்ணீரும் குருதி கலந்த எச்சிலும் வழிகின்றன. அதே பாடலில் தாந்தே சாத்தானை உலகைத் துளைக்கும் புழு என்று குறிக்கிறார். வாசலில் குருதியும் கண்ணீரும் கலந்து வழிந்தன, புழு அவற்றை உண்டது. அடித்தளத்திலும் குருதியும் கண்ணீரும் கலந்து வழிகின்றன. அங்கே இருப்பதும் ஒரு புழு, ஆனால் மிகப் பெரியது. எதுவும் செய்யாமல் இருப்பதற்கும் பெருந்தீமைக்கும் இடையே ஒன்பது வட்டங்கள் இருந்தாலும், இரண்டையும் ஒரே பொருள்களால் வரைந்து தாந்தே அவற்றை உறவாக்குகிறார். தீமை தன் முதல் உணவைப் பெறுவது ஒதுங்கி நிற்பவர்களிடமிருந்துதான் என்று இதைப் படிக்க இடமுண்டு.

டி. எஸ். எலியட் ‘பாழ்நிலம்’ (1922) கவிதையில் இலண்டன் பாலத்தைக் கடக்கும் அலுவலகக் கூட்டத்தை இந்த முன்வெளிக் கூட்டத்தின் சாயலில் வரைந்தார். ஆனால் அங்கே குளவி இல்லை. கொட்டி எழுப்ப எதுவும் இல்லாத கூட்டம் அது. அந்த வகையில் தாந்தேயின் காட்சி கடுமையானதாக இருந்தாலும் மனிதனைக் குறைவாக மதிப்பிடவில்லை. கொட்டினால் வலிக்கும் உயிராகவே அது அவனைக் காண்கிறது. அந்த வலி அவன் வாழும்போதே வந்திருக்க வேண்டும் என்பதுதான் அந்த ஆறு வரிகளின் முறையீடு.